எதிர்வீட்டில் கேட்ட என் குரல்

கம்பி இல்லாமல் பேசும் கருவி எதுவும் எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். புதிய பொருள் என்றால் மிரளும் ஆள் இல்லை. பள்ளிக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் உட்கார மற்ற டீச்சர்கள் தயங்கினார்கள், நான்தான் உட்கார்ந்தேன். எனக்கு இருப்பது பயம் இல்லை. கோபம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில், இரண்டாவது மாடியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தேன். அவர் பெரிய கட்டிடங்களின் ஏசி மெஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் இன்ஜினீயர். தி.நகரில் ஜவுளிக் கடைகள் மாடிமேல் மாடியாக எழும்பிக்கொண்டிருந்தன. ஏசி நின்றுபோனால் அந்தக் கடைக்காரர்கள் துடித்துப்போவார்கள். எந்த நேரத்திலும் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகக் கம்பெனி அவருக்கு ஒரு பேஜர் கொடுத்தது.

பேஜரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சோப்புப் பெட்டியில் பாதி அளவு இருக்கும். பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். அதில் பேச முடியாது. நாம் ஒரு எண்ணுக்கு ஃபோன் செய்து, அங்கே இருக்கும் பெண்ணிடம் செய்தியைச் சொன்னால், அவள் அதை ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவாள். பெல்ட்டில் இருப்பது கீச்சென்று கத்தும். ஒரு வரி ஓடும். பதில் சொல்ல வேண்டுமென்றால் அவர் போய் ஒரு பூத்தைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்ய வேண்டும்.

அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. சட்டையை எப்போதும் உள்ளே விட்டுக்கொள்ள ஆரம்பித்தார். என் சித்தப்பா மகளின் கல்யாணத்தில், பந்தியில் இலை போட்டுப் பருப்பு விழுந்ததும் அது கத்தியது. "ஆபீஸ்லேர்ந்து" என்று எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ மந்திரியே கூப்பிட்டுவிட்டதைப் போல வழி விட்டார்கள். தெருமுனை பூத்தில் வரிசையில் நின்று பேசிவிட்டு அவர் வந்தபோது இலையை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி, மறுநாள் காலை மீட்டிங் நேரம் மாறியிருக்கிறது என்பது.

எனக்கும் அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது கறிவேப்பிலை இல்லை. பேஜர் எண்ணைச் சொல்லி, "வரும்போது கர்ரி லீவ்ஸ்" என்றேன். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். கடைசியில், "ஓகே மேடம், அனுப்பிட்டேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் வியர்த்து வழிய, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார்.

"என்ன ஆச்சு? எங்கே போறே?" என்றார்.

"நான் எங்கே போறேன்? கறிவேப்பிலை எங்கே?"

பேஜரைக் காட்டினார். 'சாரி, லீவிங்' என்று இருந்தது.

அன்று இருவரும் சிரித்தோம். அடுத்த நாள் பள்ளியிலும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு எரிச்சல் தங்கியது. என் கணவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல, முன்பின் தெரியாத ஒரு பெண் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் எப்படி விழுகிறதோ அதுதான் செய்தி.

அதற்கு அடுத்தது கார்ட்லெஸ் ஃபோன். சிங்கப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தார். வெள்ளை நிறம், தலையில் இழுத்து நீட்டும் ஒரு ஏரியல். டெலிஃபோன் இலாகா கொடுத்திருந்த கறுப்பு ஃபோனைக் கழற்றி, பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டார் என் கணவர்.

"இனிமே ஃபோன் இருக்கிற இடத்துக்கு நாம போக வேண்டாம். நாம இருக்கிற இடத்துக்கு அது வரும்" என்றார்.

வந்தது உண்மை. சமையலறைக்கு வந்தது, பால்கனிக்கு வந்தது, துணி காயவைக்க மொட்டை மாடிக்குப் போனால் அங்கேயும் வந்தது. ஆனால் அடிக்கும்போது மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தலையணைக்குக் கீழே இருந்து அடிக்கும். தேடி எடுப்பதற்குள் நின்றுபோகும். கரண்ட் போனால் அது செத்துப்போகும், கறுப்பு ஃபோனுக்கு அந்தக் கவலையே கிடையாது. மிக்ஸி ஓடினால் இரைச்சல். பக்கத்தில் யாராவது ஸ்கூட்டரை உதைத்தால் இரைச்சல். ராத்திரி அதை அதன் தொட்டிலில் வைக்க மறந்தால் காலையில் அழுகிற மாதிரி ஒரு சத்தம் போடும்.

ஒரே ஒரு விஷயத்துக்காக அதை நான் பொறுத்துக்கொண்டேன். அடையாறில் இருந்த என் அக்காவிடம் தினமும் சாயங்காலம் பேசுவேன். கறுப்பு ஃபோன் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் காதில் எல்லாமே விழும். இதை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் கேட்காது. அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது முறை ஊரெல்லாம் தெரிந்த பிறகு கலைந்தது. பள்ளியில் வளைகாப்புக்கு என்ன வாங்கலாம் என்றுகூடப் பேசிவிட்டார்கள். திரும்பி வேலைக்குப் போன அன்று ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் மூன்றாவது முறை தங்கியபோது, நாலாவது மாதம் பிறக்கும் வரை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். டாக்டரம்மாவும் அதையே சொன்னார். என் கணவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அவ்வளவுதான். மாமியாருக்கே சொல்லவில்லை.

அக்காவிடம் மட்டும் எல்லாம் சொல்வேன். காலையில் வாந்தி வந்தால் சந்தோஷமாகச் சொல்வேன், வராவிட்டால் பயந்துபோய்ச் சொல்வேன். இடுப்பு வலி, கனவு, மாமியாரின் சாடைப் பேச்சு, எல்லாம் அந்தப் பால்கனி நாற்காலியில்தான்.

ஒரு நாள் மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமி பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம், எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, அதே இரண்டாவது மாடியில் இருப்பவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே பையன் அமெரிக்காவில். பார்த்தால் தலையசைப்போம். அதற்கு மேல் பழக்கம் இல்லை.

என் கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "இந்தச் சமயத்துல இவ்வளவு கனம் தூக்கலாமா, கொழந்தே? மூணு மாசம் ஆற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்க வேண்டாமோ?"

"எந்தச் சமயத்துல?" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதா? நீ கவலைப்படாதே. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

கீரைக்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டு முருங்கைக் கீரையை எடுத்து என் பையில் திணித்தார். "எடுத்துக்கினு போமா. ரத்தத்துக்கு நல்லது" என்றார்.

அந்த வாரமே கீழ் வீட்டுப் பெண் மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். இஸ்திரி போடுகிறவர், "மாடி ஏறாதீங்க, துணியை நானே கொண்டாந்து தரேன்" என்றார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். எனக்கு மட்டும் தெருவில் துணியில்லாமல் நடப்பதைப் போல இருந்தது.

அக்காவுக்கு ஃபோன் செய்து கத்தினேன். வேறு யார் சொல்லியிருக்க முடியும்? மயிலாப்பூரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்.

"நான் யார்கிட்டயும் சொல்லலைடி. உன் அத்தான்கிட்டயே சொல்லலை" என்றாள்.

"அப்போ காத்து வந்து சொல்லிச்சா?"

"என்னை நம்பலைன்னா என்கிட்ட ஏன் சொல்றே?" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு சாயங்காலங்களில் நாங்கள் பேசவில்லை.

காற்றுதான் வந்து சொல்லியிருந்தது. அது எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்ற யோசனையில் ஃபோனை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். டயல் டோனுக்குப் பதிலாக மாமியின் குரல் கேட்டது. தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதைப் போல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"...ஆமாண்டா, எதிராத்துப் பொண்ணுதான். ரெண்டு தடவை நிக்கலை, பாவம். இப்போ அக்காவோட சண்டை போட்டுண்டு இருக்கா. மாமியார்க்காரி வேற படுத்தறா..."

"அம்மா, எதுக்கு அடுத்தவா பேசறதை எல்லாம் கேட்டுண்டு இருக்கே?" என்றது பையனின் குரல்.

"நான் எங்கடா கேக்கறேன்? நீ வாங்கிக் குடுத்த ஃபோன்லதான் வரது. எடுத்தா அவ பேசறா."

நான் ஃபோனை அணைத்தேன். எதிரே அவருடைய ஜன்னலில் வெள்ளைத் திரை ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நான் யாருக்கும் கேட்காத இடம் என்று நினைத்து உட்கார்ந்த நாற்காலியிலிருந்து, என் குரல் நேராக அந்தத் திரைக்குப் பின்னால் போய் விழுந்திருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஆர்வம்.

"ரெண்டும் ஒரே ஃப்ரீக்வென்சி போலிருக்கு! சிங்கப்பூர் செட்டும் அமெரிக்கா செட்டும் ஒண்ணா சேர்ந்திருக்கு பாரேன்" என்றார். ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வீடு வரைந்து, நடுவில் அலை அலையாகக் கோடு போட்டுக் காட்டினார்.

"இதைத் தூக்கிப் போடுங்க. கறுப்பு ஃபோனை மாட்டுங்க."

"அண்ணன் ஆசையா கொண்டுவந்ததை எப்படித் தூக்கிப் போடறது? சேனல் மாத்த முடியுமான்னு கடையில கேக்கறேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்றார்.

நான் பொறுக்கவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். மாமி கதவைத் திறந்து, சந்தோஷமாக, "வா வா, காபி குடிக்கறியா?" என்றார். ஹாலில் டீவி மேல் பையனின் பட்டமளிப்புப் போட்டோ. சோபாவில் அந்த ஃபோன், கையெட்டும் தூரத்தில்.

"மாமி, நான் பேசறதை நீங்க கேக்கறீங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை. "நான் வேணும்னு கேக்கலை. எடுத்தா உன் கொரல்தான் வரது. நான் என்ன பண்ணட்டும்?"

"வச்சிடலாமே."

"வச்சுடறேன். வச்சுடத்தான் நெனைக்கறேன்" என்றார். பிறகு மெதுவாக, "நாள் முழுக்க இந்த ஆத்துல ஒரு மனுஷக் கொரல் கெடையாது. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடறது" என்றார்.

பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் என் வயிற்றில் இருந்ததை இவர் கீரைக் கடையில் வைத்துப் பேசியிருக்கிறார். "இனிமே கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்காமல் இறங்கி வந்தேன்.

அதன் பிறகு நான் அந்த ஃபோனில் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அவசியமான நாலு வார்த்தை, அவ்வளவுதான். கணவர் கடையில் கேட்டார். இந்த மாடலில் சேனல் மாற்ற வழி இல்லை என்றார்கள். பரணில் ஏறிக் கறுப்பு ஃபோனை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் பரணில் ஏறக் கூடாது.

அது நடந்த அன்று எனக்குக் காலையிலிருந்தே இடுப்பு கனத்தது. பள்ளிக்கு லீவு சொன்னேன். "நான் இருக்கட்டுமா?" என்று அவர் கேட்டார். வேண்டாம், போங்கள் என்றேன். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது இடுப்பைத் தட்டிக் காட்டினார். "பேஜர் இருக்கு. ஒரு ஃபோன் போடு, பறந்து வந்துடறேன்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் வலியில் விழித்தேன். எழுந்தபோது புடவை நனைந்திருந்தது. முன்னே இரண்டு தடவையும் இப்படி இல்லை. நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, ஃபோனை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேஜர் கம்பெனியின் எண்ணை அழுத்தினேன்.

"குட் ஆஃப்டர்நூன், பேஜர் நம்பர் ப்ளீஸ்?" என்றாள் ஒரு பெண்.

சொன்னேன்.

"மெசேஜ் சொல்லுங்க மேடம்."

என் கணவரிடம் சொல்வதற்கே வாய் கூசும் விஷயம். "எனக்கு... ரத்தம் போயிட்டிருக்கு. உடனே வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க மேடம்."

"ஐ ஆம் ப்ளீடிங். கம் அட் ஒன்ஸ்."

"உங்க பேர், மேடம்?"

"வைஃப்னு போடுங்க. சீக்கிரம் அனுப்புங்கம்மா."

"ஓகே மேடம். ஹேவ் எ நைஸ் டே" என்றாள். அப்படிச் சொல்லவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் குரல் இன்றும் எனக்குக் காதில் இருக்கிறது.

அவர் வருவார் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவைக் கூப்பிடலாம் என்று ஃபோனைத் தூக்கினால் எண்கள் கண்ணுக்கு ஆடின. கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். என் கணவர் இல்லை. எதிர்வீட்டு மாமி. செருப்புக்கூட இல்லாமல், மூச்சு இரைக்க நின்றார்.

"அவன் எப்போ வந்து எப்போ போறது? ஆட்டோ கீழே நிக்கறது, எழுந்திரு" என்றார்.

அந்த வயதில் அந்த உடம்போடு அவர் என்னை இரண்டு மாடி எப்படி இறக்கினார் என்று தெரியவில்லை. கீழ் வீட்டுப் பெண்ணும் ஒரு கை கொடுத்தாள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தார். "இன்னாமா ஆச்சு? மெதுவா குந்துமா. ஒண்ணியும் ஆவாது. பெரிம்மா, நீ புட்ச்சுக்கோ" என்றவர், ராயப்பேட்டை நெரிசலில் ஹார்ன் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். மாமி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவருடைய புடவையும் நனைந்துபோனது.

குழந்தை இல்லை என்று நர்சிங் ஹோமில் கண் விழித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா உன்னையே காப்பாத்தியிருக்க முடியாது. அந்த மாமிக்கு நீ கோயில் கட்டணும்" என்றார்.

என் கணவர் சாயங்காலம்தான் வந்தார். கம்ப்ரஸர் அந்தக் கடையின் தரைக்குக் கீழே, பேஸ்மெண்டில் இருந்தது. அங்கே பேஜருக்கு எதுவும் எட்டாது. டீ குடிக்க மேலே ஏறி வந்தபோதுதான் அது கத்தியிருக்கிறது. அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைக் காட்டினார். 'வைஃப் நாட் ஃபீலிங் வெல். ப்ளீஸ் கம் ஹோம்.'

"காலையில சொன்ன அதே இடுப்பு வலின்னு நினைச்சேன்" என்றார். "பாதியில நிறுத்திட்டு வர முடியாத வேலை. முடிச்சுட்டு வந்தேன்."

நான் சொன்ன சொல்லை அந்தப் பெண் அனுப்பவில்லை. அனுப்பக் கூசியிருக்கலாம். ஒரு ஆணின் இடுப்பில் போய் விழப் போகும் வரியில் அந்தச் சொல் வேண்டாம் என்று, எனக்காகவே மரியாதையாக மாற்றியிருக்கலாம். காரணம் எதுவோ, என் ரத்தத்தை அவள் உடம்பு சரியில்லை என்று ஆக்கிவிட்டாள். அவர் அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் பெல்ட்டில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை ஜன்னல் வழியாக வீச வேண்டும் போல இருந்தது.

மாமிக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? நான் சண்டை போட்டுவிட்டு வந்த பிறகும் மாமி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவருக்கு நன்றி சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஆனால் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. உயிர் கொடுத்தவரைப் பிடிக்காமல் போவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தினமும் ஃப்ளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவார். அதை நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அக்கா வந்தாள். பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நேராக அடையாறுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே இருந்தபோது ஒரு ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாற்காலி, திரை, மாமியின் பையன், எல்லாம். அவள், "அப்போ நான் உன் மாமியாரைப் பத்திச் சொன்னதெல்லாம்?" என்றாள். "எல்லாம்தான்" என்றேன். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

உடம்பு தேறித் திரும்பி வந்தபோது கறுப்பு ஃபோன் பழைய இடத்தில் இருந்தது. நான் கேட்காமலேயே என் கணவர் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மாட்டியிருந்தார். வெள்ளைச் சனியனை ஆபீசில் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தினமும் காலையில் அவர் எந்தக் கடைக்குப் போகிறாரோ அந்தக் கடையின் ஃபோன் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றேன். தரைக்குக் கீழே இருந்தாலும் ஒரு ஆள் இறங்கிப் போய்க் கூப்பிடலாம். அவர் மறுக்கவில்லை.

சில நாள் கழித்து மாமி வந்தார். வாசலிலேயே நின்று, கறுப்பு ஃபோனைப் பார்த்தார்.

"உங்காத்து ஃபோன் ரிப்பேரோன்னு நெனைச்சேன்" என்றார். "ஒண்ணுமே கேக்கறதில்லையே."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். "உள்ள வாங்க மாமி" என்றேன். வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவருடன் முதன்முதலாக நிதானமாக உட்கார்ந்து பேசினேன். அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு அவருடைய பையன் என்ன படித்தான் என்பதுகூடத் தெரியாது. பேச்சு ஓடவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் வந்தார், நானும் போனேன். கடமை என்று போனேன். அடுத்த வருடமோ என்னவோ, பையன் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டான். வழியனுப்பப் போனபோது என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. ஆட்டோ திரும்பியதும் மனசு லேசானது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

பேஜரின் காலம் முடிந்து செல்ஃபோன் வந்தது. கம்பெனி அவருக்கு ஒன்று கொடுத்தது. செங்கல்லில் பாதி கனம். நாம் பேசினாலும் காசு, அடுத்தவர் கூப்பிட்டாலும் காசு என்ற காலம். "இதுல நடுவில எந்தப் பொண்ணும் கிடையாது. நீயே நேரா பேசலாம்" என்றார். பேஸ்மெண்டில் எடுக்குமா என்று கேட்டேன். எடுக்காது என்றார். அப்படியானால் எனக்கு அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்றேன்.

நாலாவது முறை தங்கியது. அதை அக்காவிடம் ஃபோனில் சொல்லவில்லை, கறுப்பு ஃபோனிலும்கூட. பஸ் ஏறி அடையாறுக்குப் போய், அவளுடைய சமையலறையில் நின்று சொன்னேன். இந்த முறை நிலைத்தது. பத்தாவது மாதம் ஒரு காலை நேரத்தில், அதே டாக்டரம்மாவின் கையில், பெண் குழந்தை பிறந்தது.

பிரசவ அறைக்கு வெளியே என் கணவர் அந்தச் செங்கல்லோடு நின்றிருக்கிறார். நர்ஸ் கதவைத் திறந்து பெண் குழந்தை என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கப்பூர் அண்ணனுக்கு உடனே சொல்ல வேண்டும். வராந்தாவில் சிக்னல் இல்லை. மாடிப்படியில் இல்லை. வாசலில் ஒரு கோடு வந்து போனதாம். அப்படியே ஏரியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, காதைப் பொத்திக்கொண்டு, "பொண்ணு! பொண்ணுண்ணா! கேக்குதா? ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்தியிருக்கிறார். இளநீர்க்காரரும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கை கொடுத்தார்களாம். அண்ணனுக்குத்தான் கடைசி வரை கேட்கவில்லை.

நர்ஸ் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அப்பாவைக் காணோமேம்மா" என்றார்.

"இங்கே கொடுங்க" என்றேன். என் மேல் படுக்க வைத்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, கீழே தெருவில், என் கணவர் இன்னும் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.